பிச்சாவரத்தில் கணினி எங்கே இருந்தது?

கழிமுகத்தான்: "கணினி வடிவமைப்பு இல்லாமல் எந்தக் கரையையும் செடி நட்டு மீட்க முடியாது, பிச்சாவரமே சான்று" என்று வரைபடக்காரர் எழுதியிருப்பதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெட்டப்பட்ட காட்டில் மண் உலர்ந்து தாழ்ந்து, தொட்டி போன்ற பள்ளங்களில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி உப்பேறியதால்தான் அங்கே கண்டல் எனும் அலையாத்தி மரங்கள் மறுபடி தழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், வந்துபோக வழிவிட்டு, வெண்கண்டல் என்னும் அலையாத்தி வகையை வளர்த்தெடுத்தார்கள். இதில் கணினி எங்கே இருந்தது?

வரைபடக்காரர்: மேசைமேல் இருக்கும் பெட்டியை நான் சொல்லவில்லை. வாய்க்காலின் சாய்வையும் ஓதமட்டத்தையும் செடிகளின் இடைவெளியையும் முன்கூட்டியே கணக்கிட்டுத் தீர்மானிப்பதே வடிவமைப்பு. இன்று ட்ரோன் எடுத்த மேடுபள்ள வரைபடத்தில் பல வடிவங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தொடலாம்.

கழிமுகத்தான்: நழுவ வேண்டாம். கேட்டது ஒன்றே: பிச்சாவரத்தில் கணினி இருந்ததா, இல்லையா?

அடும்புக்கொடி: பிச்சாவரம் உப்பங்கழி, அலை அறையும் திறந்த கரை அல்ல. புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், வடக்கே நகரும் மணலை மறித்ததால் நகரக் கடற்கரையே கரைந்துபோனது. இராவணன் மீசை என்னும் கடற்கரைப் புல், காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்துத்தான் மேடெழுப்பும். மணலே வராத இடத்தில் அதை எந்த இடைவெளியில் நட்டால் என்ன?

வரைபடக்காரர்: மணல் எங்கே வரும், எங்கே வராது என்று அறியத்தான் கணிப்பு வேண்டும் என்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு, இம்மண்ணுக்கு உரியதல்லாத சவுக்கை வரிசைகட்டி நட்டோம். அதன் சருகு மூடிய தரையில் அடும்பு என்னும் கடற்கரைக் கொடி படர்வது அரிது.

கழிமுகத்தான்: சவுக்குத் தோப்பை உயிர்க்கேடயம் என்று சென்ற ஆண்டு வானளாவப் புகழ்ந்தவர் தாங்கள்தானே? அது இருக்கட்டும். பிச்சாவரத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

அடும்புக்கொடி: அன்று அந்தப் புகழ்ச்சிக்கு முதல் ஆளாகத் தலையாட்டியவர் தாங்கள்தான், கழிமுகத்தாரே.

கழிமுகத்தான்: நான் ஆமோதித்தது புயற்காற்றைத் தடுப்பதைப் பற்றி, கரையரிப்பைப் பற்றி அல்ல. மேலும், மணல் வடக்கே நகர்கிறது என்று ஒரே போடாகப் போட்டீர்களே, வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்புவது தங்களுக்குத் தெரியாதா?

அடும்புக்கொடி: ஆண்டின் பெரும்பகுதி வடக்கே போவதை விட்டுவிட்டு, அந்தச் சில மாதங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குபவரிடம் என்ன பேசுவது?

வரைபடக்காரர்: இரு திசைகளையும் சேர்த்துக் கணக்கிடத்தான் கணினி வேண்டும் என்கிறேன்.

கழிமுகத்தான்: முதலில் பிச்சாவரத்துக்குப் பதில் சொல்லுங்கள், ஐயா.