ஆர்இபிடி தனி முறையா, சிபிடிக்குள் கரைந்துவிட்டதா?

மலர்விழி:
ஆல்பர்ட் எல்லிஸ் 1955-இல் தொடங்கிய ஆர்இபிடி, அதாவது பகுத்தறிவு உணர்வு நடத்தைச் சிகிச்சை, இன்று சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பாடத்தில் ஓர் அத்தியாயமாகச் சுருங்கிவிட்டது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. சிபிடியின் முன்னோடி ஆரன் பெக் 1961-இல் மனச்சோர்வை அளக்க ஒரு வினாத்தாள் தந்தார், 1979-இல் சிகிச்சைக் கையேடும் தந்தார். அளக்க முடிந்ததால் சோதிக்க முடிந்தது. எல்லிஸ் நிறையப் பேசினார், எழுதினார். அந்த அளவுக்குச் சோதிக்கவில்லை.

தணிகை:
1982-இல் அமெரிக்க உளவியலாளர்களிடம், உளச்சிகிச்சைத் துறையில் அதிகத் தாக்கம் செலுத்தியவர் யார் என்று கேட்டார்கள். உளவியலாளர் கார்ல் ராஜர்ஸுக்கு அடுத்து எல்லிஸ்தான். ஃபிராய்டே மூன்றாவது.

மலர்விழி:
தாக்கம் வேறு, பலன் வேறு.

தணிகை:
சரி, பலனுக்கே வருகிறேன். 2008-இல் வெளியான ருமேனிய ஆய்வில் மனச்சோர்வு உள்ள 170 பேரை மூன்றாகப் பிரித்து ஆர்இபிடி, பெக்கின் முறை, ஃப்ளூவாக்செடின் மாத்திரை கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்தபோது மூன்றும் ஏறக்குறைய சமம். ஆறு மாதம் கழித்து, ஓர் அளவுகோலில் மாத்திரையைவிட ஆர்இபிடி முன்னால் நின்றது.

கார்முகில்:
பெக்கை முந்தவில்லையே. பிறகு தனிப்பெயர் எதற்கு?

தணிகை:
கேட்கும் கேள்வி வேறு என்பதால். தேர்வில் தோற்றுவிடுவேன் என்று நடுங்கிக்கொண்டு ஒருவர் வருகிறார். பெக் வழியில், 'தோற்பீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று தொடங்குவோம். எல்லிஸ் வழியில், 'தோற்றதாகவே வைத்துக்கொள்வோம். அதனால் நீங்கள் ஒன்றுக்கும் உதவாதவரா?' முதல் கேள்வியில் தெம்பானவர் நிஜமாகவே தோற்றால் அந்தத் தெம்பு போய்விடும். இரண்டாவது, 'ஜெயித்தே ஆக வேண்டும்' என்ற கட்டாயத்தையே அசைக்கிறது.

மலர்விழி:
அடியில் கிடக்கும் நம்பிக்கையை பெக் வழியிலும் தேடுகிறோம், கொஞ்சம் பொறுத்து. எடுத்த எடுப்பில் அப்படிக் கேட்டால், அடிபட்டு வந்தவருக்கு அது இன்னொரு அடி. 1965-இல் வந்த பயிற்சிப் படத்தில் எல்லிஸ் பேசிக்கொண்டே போகிறார், எதிரில் இருக்கும் பெண்ணுக்குப் பேச இடமே இல்லை.

தணிகை:
அந்த வேகம் எல்லிஸின் சுபாவம். முறை அதைக் கேட்கவில்லை. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் வாதாடினேன். ஒருவர் மூன்றாவது அமர்வுக்கு வரவே இல்லை, அது இன்னும் உறுத்துகிறது. இப்போது கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்கிறேன்.

மலர்விழி:
அப்படிச் செய்தால் எனக்கு அது பெக் முறையாகத்தான் தெரியும்.

தணிகை:
கேள்வி மாறவில்லையே, மலர்விழி. 'தோற்றால் நீங்கள் யார்?' என்றுதான் இன்றும் கேட்கிறேன், முதல் அமர்விலேயே.