77545/16/63: இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாமா?

கடைக்கணினி:
மாமா கடையில் ஓரங்கட்டிய கணினி ஒன்று, 40 ஜிபி ஐடிஇ டிஸ்க். முன்பாதியில் விண்டோஸ் எக்ஸ்பியும் பழைய பில் கணக்கும் இருக்கின்றன. அதில் கை வைக்கக்கூடாது என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். மீதி இடத்தில் ஃப்ரீபிஎஸ்டி 8 என்ற இயங்குதளத்தைப் போட உட்கார்ந்தேன். டிஸ்கைப் பகுதி பிரிக்கும் எஃப்டிஸ்க் திரை வரும் முன்பே நிறுவி (இன்ஸ்டாலர்), 77545/16/63 என்ற ஜியோமெட்ரி (சிலிண்டர்/ஹெட்/செக்டார் எண்ணிக்கை) தவறு, வேறு பொருத்தமானதை எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. உள்ளே போனால் 4865/255/63. ஓகே கொடுக்கலாமா?

தலையெழுத்து512:
தாராளமாகக் கொடுங்கள். அந்த எண்களே கட்டுக்கதை. ஹெட் என்பது தட்டின் ஒரு பக்கத்தைப் படிக்கும் முனை, 16 ஹெட் என்றால் 8 தட்டு வேண்டும். உங்கள் டிஸ்கைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றிரண்டு தேறினாலே அதிகம். டிராக்குக்கு (தட்டில் ஒரு வட்டம்) 63 செக்டார் (512 பைட் துண்டு) என்பதும் அப்படித்தான். நிஜத்தில் வெளி டிராக்கில் கூடுதல், உள்ளே குறைவு. கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், ஓடத் தொடங்கியபின் செக்டார்களை 0, 1, 2 என்று வரிசையாக எண்ணித்தான் படிக்கிறது. இதற்குப் போய் மண்டையைக் குடைவானேன்?

ரெண்டாம்பூட்டு:
கெர்னல் ஓடத் தொடங்கியபின், சரி. அதற்கு முன்னால்? டிஸ்கின் முதல் செக்டாரில், பார்ட்டிஷன்கள் (டிஸ்கின் பகுதிகள்) எங்கே என்று சொல்லும் அட்டவணையில் ஒரு பதிவுக்கு 16 பைட். அதில் 6 பைட் இன்னமும் சிலிண்டர், ஹெட், செக்டார் கணக்குதான். எக்ஸ்பியைக் கிளப்பும் பூட் செக்டாரிலும் ஹெட் எண்ணிக்கை எழுதியிருக்கும். பொய்தான், ஆனால் பயாஸும் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) இவையும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். 2004-இல் ஃபெடோரா கோர் 2 லினக்ஸைப் போட்ட பலருக்கு எக்ஸ்பி கிளம்பாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? நிறுவி வேறொரு ஜியோமெட்ரியில் அட்டவணையைத் திருத்தி எழுதியதுதான் காரணம்.

தலையெழுத்து512:
ஞாபகம் இருக்கிறது. அதில் ஒரு பைட் தரவுகூட அழியவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது. லினக்ஸின் எஸ்எஃப்டிஸ்க் கருவியில் 255 ஹெட் என்று கொடுத்து அட்டவணையைத் திரும்ப எழுதியதும் எக்ஸ்பி எழுந்தது. இங்கே நிறுவி தானாகவே 255-க்குப் போகிறதே! 65536 சிலிண்டருக்கு மேல் கண்டால் அது மிரளும், அவ்வளவுதான்.

ரெண்டாம்பூட்டு:
255 என்பது ஊகம்தானே ஐயா? என் பழைய மடிக்கணினியில் பயாஸ் 240 ஹெட் என்றது, நிறுவி 255 என்று எழுதியது. எந்த இயங்குதளம் என்று கேட்கும் பூட் மெனுவில் விண்டோஸுக்கு எஃப்1 தட்டினால் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. உங்களுக்கென்ன, அங்கே இருப்பது அவர் மாமாவின் பில் கணக்கு.

புதுவரவு:
1024 சிலிண்டருக்குள் போட்டால் பிரச்சினையே வராதே?

தலையெழுத்து512:
தம்பி, அது வேறு கதை. 1024×255×63 செக்டார், அதாவது 8.4 ஜிபி, பழைய பயாஸ் அழைப்புக்கு எட்டும் தூரம். லினக்ஸைக் கிளப்பும் லிலோவில் பலர் அங்கேதான் மாட்டினார்கள். 40 ஜிபி டிஸ்கோடு வந்த கணினியில் பயாஸ் அதைத் தாண்டிப் படிக்கும். ஃப்ரீபிஎஸ்டியின் பூட் மேலாளரும் படிக்கும்.

சரி, 240 விஷயம் நியாயம்தான். ஊகிக்க வேண்டாம், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை சிலிண்டர் எல்லையில்தான் முடிக்கும். கடைக்கணினி, உங்கள் எஃப்டிஸ்க் திரையில் அதன் அளவு எத்தனை செக்டார்?

கடைக்கணினி:
63-இல் தொடங்குகிறது. அளவு 4,09,65,687.

தலையெழுத்து512:
63-ஐக் கூட்டினால் 4,09,65,750. 255×63 ஆகிய 16,065-ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 2550. 240×63-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. ஆக, இந்த டிஸ்கில் பார்ட்டிஷன் போட்டபோது பயாஸ் சொன்னது 255.

ரெண்டாம்பூட்டு:
இந்த எச்சரிக்கையை ஓகே கொடுக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். "எப்போதும் ஓகே கொடு" என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயாஸில் டிஸ்க் முறை ஆட்டோ என்றிருந்தால் எல்பிஏ (செக்டார்களை வரிசையாக எண்ணும் முறை) என்று மாற்றிவிடுங்கள். முதல் செக்டாரின் 512 பைட்டையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கணினி:
இரண்டையும் செய்துவிட்டு ஓகே கொடுத்தேன். எஃப்1 தட்டினால் எக்ஸ்பி, எஃப்2 தட்டினால் பிஎஸ்டி. மாமா வந்து 2009 தீபாவளி பில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.