சாக்கெட் இருந்தும் என்ஜின்எக்ஸ் 502 காட்டுகிறது

எங்கள் ஊர் நூலகத்தின் இரவல் பதிவேட்டுக்காக ஜாங்கோவில் (பைதான் வலைச் சட்டகம்) எழுதிய சிறு செயலி. முன்னால் வலை சர்வராக என்ஜின்எக்ஸ், பின்னால் செயலியை ஓட்டும் ஜீயூனிகார்ன், நடுவே இரண்டும் பேசிக்கொள்ளும் கோப்பாக யூனிக்ஸ் சாக்கெட். உபுண்டு 20.04 இல் இரண்டு வருடம் சத்தமில்லாமல் ஓடியது. சனிக்கிழமை புதிய வாடகை சர்வரில் 22.04 நிறுவி, பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்தேன். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 502 பிழை (பின்னால் உள்ள சேவையிடமிருந்து சரியான பதில் இல்லை).

என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: சாக்கெட்டுடன் இணைய முடியவில்லை, பிழை எண் 13, அனுமதி மறுப்பு. கோப்பே இல்லையென்றால் எண் 2 அல்லவா வரும்? ஆக, சாக்கெட் இருக்கிறது. வழியில்தான் ஏதோ மறிக்கிறது.

ஜீயூனிகார்ன் உயிரோடு இருக்கிறது. என் கணக்கிலிருந்து கர்ல் கட்டளை மூலம் அதே சாக்கெட்டைத் தட்டினால் முகப்புப் பக்கம் முழுதாக வருகிறது. சாக்கெட்டை விட்டு 127.0.0.1 இன் 8000 ஆம் போர்ட்டுக்கு மாற்றினால் என்ஜின்எக்ஸ் வழியாகவும் தளம் திறக்கிறது. சாக்கெட்டுக்கு எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 அனுமதிகூடக் கொடுத்துப் பார்த்தேன் (திட்ட வேண்டாம், அப்போது நள்ளிரவு இரண்டு மணி). பயனில்லை. இரண்டு சேவைகளையும் மறுதொடக்கம் செய்ததற்குக் கணக்கில்லை.

சாக்கெட் இருப்பது என் ஹோம் அடைவுக்குள். இன்று காலைதான் கவனித்தேன்: பழைய சர்வரில் அந்த அடைவின் அனுமதி 755 (யாரும் நுழையலாம்), புதியதில் 750 (பிறர் நுழைய முடியாது). அதைத் தளர்த்த மனம் வரவில்லை. ரன் (/run) அடைவுக்குள் ஒரு துணை அடைவு உருவாக்கி சாக்கெட்டை அங்கே வைத்தேன். வேலை செய்தது, ஆனால் சர்வரை மறுதொடக்கம் செய்ததும் துணை அடைவே காணாமல் போய்விட்டது.

ஒவ்வொரு முறையும் அது சரியான உரிமையுடன் தானாக உருவாக, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஜீயூனிகார்னுக்கான சேவைக் கோப்பில் என்ன எழுத வேண்டும்?