‘இடைப்பூட்டு’ வேண்டாம், ‘பிணைப்பூட்டு’ என்போம்

ஐயா, வணக்கம். இரயில் பாதையில் தடமும் சிக்னலும் ஒன்றுக்கொன்று முரணாக அசையாதபடி பூட்டி வைக்கும் இன்டர்லாக்கிங் என்பதற்குத் தாங்கள் முன்வைத்த ‘இடைப்பூட்டு’, பூட்டு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை.

தடங்களையும் சிக்னல்களையும் நெம்புகோல்களால் இயக்கும் பழைய சிக்னல் கேபினில், பிரிட்டிஷ் வழக்கப்படி, தடம் மாற்றும் பாயிண்டின் நெம்புகோலுக்குக் கறுப்பும், அந்தப் பாயிண்டை இறுக்கும் நெம்புகோலுக்கு நீலமும், இரயிலை நிறுத்தும் கைகாட்டிக்குச் சிவப்பும், தொலைவிலேயே எச்சரிக்கும் கைகாட்டிக்கு மஞ்சளும் பூசியிருப்பார்கள். கறுப்பைச் சரியாக வைத்து நீலத்தால் இறுக்கிய பிறகே சிவப்பு அசையும். சிவப்பை இழுத்துக் கைகாட்டி வழிவிட்டபின் மற்ற இரண்டும் எத்தனை பலமாக இழுத்தாலும் வராது. தளத்துக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக நகரும் இரும்புப் பட்டைகளில் காடிகள் வெட்டியிருக்கும். ஒரு பட்டையின் முளை இன்னொன்றின் காடியில் விழுந்துவிட்டால், சிக்னல்காரர் தூக்கக் கலக்கத்தில் தவறான கோலைப் பிடித்தாலும் இரும்பு இடங்கொடுக்காது. இவ்வகை அமைப்புக்கு ஜான் சாக்ஸ்பி 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆயினும், பயணிகள் பாதைகளில் அதைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அந்நாட்டு அரசுக்குத் தந்த சட்டம் 1889இல்தான் வந்தது. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே நம் மலேசியாவின் தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதையில் இரயில் ஓடத் தொடங்கிவிட்டது.

ஆகவே ‘பிணைப்பூட்டு’ என்று முன்மொழிகிறேன். ‘பிணை’ என்றால் நீதிமன்ற ஜாமீன்தானே என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது: பாயிண்டு பிணை நின்றால்தான் கைகாட்டி விடுதலையாகிறது.

கைகாட்டிக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வேலையை விட்டு இரயில்வேக்குப் போன என் பெரியப்பா அதை வேறு பெயரால் அழைத்து நான் கேட்டதில்லை. சிக்னல் கேபினைக் குறிக்கும் ‘சைகைப் பெட்டி’ என்பதை மட்டும் கைவிடுவோம். மாடிப்படி ஏறிப் போகும் கட்டடத்தைப் பெட்டி என்றால் எங்கள் ஊரில் எவருக்கும் விளங்காது. ‘கைகாட்டிக் கூடம்’ போதும்.

— மறுமொழி —

தம்பி, கூடத்தை ஏற்கிறேன். பிணைப்பூட்டில் ஒரு சந்தேகம்: ‘பிணைக்கின்ற பூட்டு’ என்று பிரித்தால் அது ஊறுகாய் போல வினைத்தொகையாகி, ஒற்று மிகாமல் ‘பிணைபூட்டு’ என்றல்லவா வர வேண்டும்?

— மறுமொழி —

உண்மைதான், ஐயா. ஆனால் நான் கொண்ட ‘பிணை’ பெயர்ச்சொல். பிணையாக நிற்கும் பூட்டு என்பதே விரி. ஆதலால் ‘ப்’ இருக்கட்டும்.