பெட்ரோல் கேஜ் கால் டேங்க் காட்டுச்சு, இன்ஜின் நின்னுடுச்சு: விமானி தப்பா?

கரும்புக்காட்டான் (டர்பன்):
போன மாசம் நண்பரோட செஸ்னா 172 குட்டி விமானத்துல, டர்பன் வெர்ஜீனியா ஏர்போர்ட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் ரேண்ட் ஏர்போர்ட் போயிட்டு, பெட்ரோல் போடாமலே திரும்பினோம். வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது இன்ஜின் இருமிட்டு நின்னுது. வெட்டி முடிச்ச கரும்புக்காட்ல, வரிசையோட வாக்கிலேயே இறக்கிட்டார். ஒருத்தருக்கும் கீறல்கூட இல்ல. இப்ப ஃபிளையிங் கிளப்ல ஆளாளுக்கு அவரைத் திட்றாங்க. கேஜ் கால் டேங்க் காட்டுனா மனுஷன் என்ன பண்ணுவான்?

பழையவிமானி:
தம்பி, இறக்கின விதத்துக்குக் கைதட்டறேன். ஆனா தப்பு அவரோடதுதான். டேங்க்ல மிதவை ஆடும், முள்ளும் கூட ஆடும். அதை நம்பியா 500 கிலோமீட்டர் திரும்பி வர்றது? எவ்வளவு நேரம் பறந்தோம்னு கடிகாரத்தை நம்பணும்.

கரும்புக்காட்டான்:
கணக்குப் போட்டுத்தான் கிளம்பினார் அண்ணே. லாங் ரேஞ்ச் டேங்க், அதுல இன்ஜின் எடுக்கக்கூடியது 189 லிட்டர். மணிக்கு 30-ன்னு வெச்சா ஆறு மணி நேரம். அஞ்சுலயே தீர்ந்துடுச்சு.

பழையவிமானி:
அந்த 30, மிக்ஸ்சரை லீன் பண்ணி, அதாவது காத்தோட கலக்குற பெட்ரோலைக் குறைச்சு, ஓட்டினாத்தான். ரேண்ட் 5,400 அடிக்கு மேல இருக்கு. அந்த உயரத்துல குறைக்காம முழு ரிச்ல ஓட்டினா 38 சர்வ சாதாரணம். 189-ஐ 38-ஆல வகுத்துப் பாரு. மிக்ஸ்சரைக் குறைக்கற சிவப்புக் குமிழை அவர் தொட்டாரா?

கரும்புக்காட்டான்:
கவனிக்கல.

மாரிட்ஸ்பர்க்வாசி:
எல்லாப் பழியையும் விமானி மேலயே போடாதீங்க. ஞாயிறு சாயங்காலம் பெட்ரோல் வண்டி (பவுசர்) ஆள் போயிட்டா பெட்ரோலுக்கு எங்க போறது? மறுநாள் வேலை, வீட்ல போன் மேல போன். சொந்த விமானம் வெச்சிருக்கிறவனுக்குத்தான் அந்த நெருக்கடி தெரியும்.

பழையவிமானி:
ராத்திரி தங்கறதுதான். பகல்ல 30 நிமிஷம், இருட்டினா 45 நிமிஷ பெட்ரோல் மிச்சம் இருக்கணும்னு விதி வெச்சது இந்த நெருக்கடிக்காகத்தானே? வர்ற வழியில உங்க மாரிட்ஸ்பர்க் ஊர் ஒரிபி ஓடுபாதை வேற இருக்கு!

கரும்புக்காட்டான்:
நானும் கேட்டேன். "இன்னும் இருபது நிமிஷம்தானே"ன்னார்.

பழையவிமானி:
சரி, ரேண்ட்ல டேங்க்ல அளவுக்குச்சி விட்டாவது பார்த்தாரா? ஏவ்காஸ், அதான் விமான பெட்ரோல், நீலம்; குச்சியில கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள காய்ஞ்சுடும். எடுத்த உடனே பார்க்கணும்.

கரும்புக்காட்டான்:
குச்சி கிளம்பினதிலிருந்து பின் சீட்டுக்கு அடியிலதான் கிடந்துச்சு. விமானத்தைத் தள்ள வந்த பண்ணை ஆள்தான் எடுத்து, இது எதுக்குன்னு கேட்டார்.