"கடவுளின் சொந்த நாடு": அந்த வாசகம் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

தக்கலைக்காரன்:

போன ஞாயிறு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தேன். செருப்பை விடும் இடத்தில் ஒரு மலையாளிக் குடும்பம். 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' என்று பனியன் போட்ட பையன் என்னிடம், "சேட்டா, இது கேரளமா தமிழ்நாடா?" என்றான். நியாயமான கேள்விதான். அரண்மனை நிற்பது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் கொடுப்பவர் மலையாளம் பேசுவார், வெளியே நுங்கு விற்கிற அக்கா தமிழ் பேசுவார். "தரை தமிழ்நாடு, கூரை கேரளம்" என்று சொல்லி வைத்தேன். உடனே அவன் குனிந்து தரையைப் பார்த்தான். சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரையில், பனியனின் எழுத்து தலைகீழாகத் தெரிந்தது.

இந்த வாசகத்தை எழுதியது வால்டர் மென்டஸ் என்கிற விளம்பரக்காரர். 1989-இல் முத்ரா நிறுவனத்தில் இருந்தபோது கேரளச் சுற்றுலாத் துறைக்காக எழுதினார். டிவியில் அந்த விளம்பரம் வந்த ஒருநாள் எங்கள் ஆச்சி, "என்னடே சொல்லுகான்?" என்று கேட்டாள். அர்த்தம் சொன்னேன். "இதுக்கு எதுக்கு மக்கா விளம்பரம்? அது பத்மநாபசாமிக்க நாடுதானே" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்கு அது உவமை இல்லை, பத்திரம். 1750-இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் ராஜ்யத்தையே பத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்தார். திருப்படித்தானம் என்பார்கள். அப்புறம் வந்த ராஜாக்கள் எல்லாரும் சாமியின் ஊழியர்கள், பத்மநாபதாசர்கள். ஆச்சி பிறந்தது அந்த ராஜ்யத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி, வீட்டை விட்டு இறங்காமலே தமிழ்நாட்டுக்காரி ஆனாள். சாமியின் சொத்திலிருந்து நம்மைப் பிரித்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் கடைசிவரை கொஞ்சம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். (எங்கள் அப்பா, கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேரணும் என்று போராடிய நேசமணி கட்சி. வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டைதான்.)

உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது? சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசு:

எனக்கு ஆலப்புழையில். கல்யாணமான புதிதில் கெட்டுவள்ளம் எடுத்தோம். ஓட்டியவர் வயதானவர், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசினார். அவருடைய அப்பா இதே மாதிரிப் படகில் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிப் போனவராம். லாரி வந்ததும் படகெல்லாம் கரையேறிவிட்டது. தொண்ணூறுகளில் அதற்கு மேல் ஓலைக்கூரையும் கட்டிலும் போட்டு டூரிஸ்ட்டை ஏற்றினார்கள். ஆணியே அடிக்காமல் கயிற்றுநாரால் பலகையைத் தைத்திருந்த இடத்தில் என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். அந்தப் புடைப்பு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டில் கூட்டமாக மிதந்து வந்தது. துடுப்பால் ஒதுக்கிக்கொண்டே, சிரிக்காமல், "தெய்வத்தின்றெ ஸ்வந்தம் நாடு" என்றார்.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். என் ஆபீஸ் மலையாளிகள் இந்த வாசகத்தைப் பெருமைக்குச் சொல்வதைவிட நக்கலுக்குச் சொல்வதே அதிகம். ஹர்த்தால் என்றால் அதைச் சொல்வார்கள், ரோட்டில் குழி என்றாலும் அதைத்தான். தெருநாய்த் தொல்லை செய்தியில் அடிபட்டபோது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தைத் திருப்பிப் போட்டு நாயின் சொந்த நாடு ஆக்கினார்கள். நம்ம ஊர் சுற்றுலா வாசகம் எதையாவது வைத்து இப்படி யாராவது கிண்டல் பண்ணிக் கேட்டிருக்கிறீர்களா? ஞாபகம் இருந்தால்தானே கிண்டல் பண்ண!

ஆக்லாந்து கண்ணன்:

இங்கே வந்து போய்க் கேரளத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், "அது எங்களுடையது ஆச்சே" என்றார். விளையாட்டுக்கு இல்லை. நியூசிலாந்துக்கு அந்தப் பெயர் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. தாமஸ் பிராக்கன் அதே தலைப்பில் கவிதை எழுதியிருக்கிறார். பிரதமர் ரிச்சர்ட் செடன் 1906-இல் சிட்னியில் கப்பல் ஏறுமுன், கடவுளின் சொந்த நாட்டுக்குக் கிளம்புவதாகத் தந்தி கொடுத்தார். ஊர் வந்து சேரவில்லை, கப்பலிலேயே இறந்துபோனார். இங்கே இப்போது அதைச் சுருக்கி 'காட்ஸோன்' என்கிறார்கள். யார்க்‌ஷயர்க்காரர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்லிக்கொள்கிறார்கள். கடவுளுக்குத்தான் எத்தனை ஊரில் பட்டா!

மூணாறு பேத்தி:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். லீவுக்குப் போடிமெட்டு வழியாகப் பஸ்ஸில் போவோம். செக்போஸ்ட் தாண்டியதும் 'கடவுளின் சொந்த நாடு' என்று வரவேற்பு போர்டு. அந்த வளைவு வருவதற்குள் நான் இரண்டு முறையாவது வாந்தி எடுத்திருப்பேன் என்பதால், எனக்கு அந்த வாசகத்துக்கே எலுமிச்சம்பழ வாசனைதான்.

தேயிலைச் சரிவில் சிரிக்கிற பெண் இல்லாத கேரள விளம்பரம் குறைவு. பாட்டி இருந்தது ஒற்றை அறை லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீட்டில். கார்க்காரர்கள் ரோட்டோரம் நிறுத்தி, "பாட்டி, இப்படிப் பாருங்க" என்று போட்டோ எடுப்பார்கள். சிலர் பத்து ரூபாய் நீட்டுவார்கள். அவள் வாங்கமாட்டாள். ஆனால் கூடையை முன்னால் இழுத்துவிட்டு நேராக நிற்பாள். கிழிந்த ரவிக்கை போட்டோவில் விழக்கூடாது.

2015 செப்டம்பரில் போனஸுக்கும் கூலிக்கும் மூணாறு ரோட்டை மறித்து உட்கார்ந்தது இந்தப் பெண்கள்தான். பெரும்பாலும் தமிழச்சிகள். அவர்கள் கூட்டமைப்புக்குப் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பெயர். யூனியன்காரர்களையே கிட்ட விடவில்லை. அன்று என் சித்தியும் அங்கே இருந்தாள். "போட்டோ எடுத்தவன் ஒருத்தனும் அன்னிக்கு காரை நிறுத்தலடி" என்று போனில் சிரித்தாள்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். கரன்ட் இல்லை, போன் டவர் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. கயத்தாறுப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். கொரோனா நேரம் என்பதால் இ-பாஸ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மாமா போடிமெட்டு செக்போஸ்ட்டில், அந்த போர்டுக்குக் கீழே, மழையில் நின்றுகொண்டு எனக்கு போன் பண்ணினார். "பாஸ் வந்திருச்சானு பாரு தாயி."

தக்கலைக்காரன்:

பாஸ் வந்ததா, தங்கச்சி?

மூணாறு பேத்தி:

மறுநாள் சாயங்காலம் வந்தது, அண்ணா. அதற்குள் அடக்கம் பண்ணிவிட்டார்கள்.