கரிசல் மண் வீடு: கோடையில் விரியும் விரிசல், மழையில் ஏறும் ஓதம்

ஊருணிக்கரை:
கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 1998-இல் அப்பா கட்டியது. வடமேற்கு மூலை அறையில் சன்னல் ஓரத்திலிருந்து தரைவரை சாய்வாக ஒரு விரிசல். வைகாசியில் அதற்குள் பழைய, தடித்த ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிறது. ஐப்பசி மழை இறங்கிச் சில வாரங்களில் அஞ்சலட்டை நுழையவும் இடமில்லை. போன கோடையில் கொத்தனாரை வைத்து சிமெண்ட் அடைத்தேன். மழைக்காலத்தில் அடைத்ததெல்லாம் பிதுங்கித் தரையில் உதிர்ந்து கிடந்தது. அதே சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். உப்புப் பூத்துக் கொட்டுகிறது; அம்மா தினமும் காலையில் முறத்தில் அள்ளுகிறார். சுவரில் துளையிட்டு ஊசி வழியாக ரசாயனம் ஏற்ற 85,000 ரூபாய் கேட்கிறார்கள். சுவருக்கு ஊசியா என்று அம்மா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்யலாமா?

மாடிவீடு:
எங்கள் வீட்டிலும் ஓதம் இருந்தது. மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டோம். இப்போது தெரிவதில்லை.

ரசமட்டம்:
தெரிவதில்லை என்பது சரிதான். டைல்ஸ் அடித்த உயரத்துக்கு மேலே ஓதம் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஊருணிக்கரை அண்ணாச்சி, முப்பது வருடமாகக் கட்டட மேற்பார்வை செய்கிறேன், பாதி வேலை கரிசலில்தான். பணத்தை எடுக்காதீர்கள். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உங்கள் மூலை மழையில் எழும்புகிறது, கோடையில் இறங்குகிறது. விரிந்திருந்தபோது அடைத்த சிமெண்டை, மண் உப்பியதும் சுவரே நசுக்கித் தள்ளிவிட்டது. அந்த ஒரு மூலை மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது என்பதுதான் கேள்வி. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே முடிகிறது? சுற்றிலும் போட்ட சிமெண்ட் தளத்தின் வாட்டம் எந்தப் பக்கம்? சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஊருணிக்கரை:
ஊற்றினேன். தண்ணீர் நேராகச் சுவரைத் தேடிப் போனது! தளத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. மொத்த வாளியையும் அது குடித்துவிட்டது. குழாயும் அதே மூலையில்தான் இறங்குகிறது, தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடுகிறது. இருபத்தைந்து வருடமாக அதன் கீழே வாழைக்கன்று வைத்து, நன்றாக வளர்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

வேப்பமரத்தடி:
அப்படியானால் அந்த மூலையிலேயே மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டிவிடலாமே? 2003-இலிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம்தானே?

ரசமட்டம்:
கட்டாயம்தான் அம்மா, ஆனால் சுவரை ஒட்டி வேண்டாம். கரிசல் தண்ணீரை லேசில் கீழே விடாது. அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிச் சரளையைக் கொட்டினால் அது கிண்ணம்போல் தண்ணீரைத் தேக்கிவைக்கும். மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள், மிகுதியைத் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். மாடி எத்தனை சதுர அடி அண்ணாச்சி? 850 என்றால், ஐந்து சென்டிமீட்டர் மழைக்கே ஏறக்குறைய 4,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி நான்கை அந்த ஒரு மூலையில் கவிழ்த்ததற்குச் சமம்.

குழாயை நீட்டிப் பத்தடிக்கு அப்பால் விடுங்கள். பழைய தளத்தைப் பெயர்த்து மூன்றடி அகலத்தில் புதிதாகப் போடுங்கள். சுவர்ப் பக்கத்தைவிட வெளி ஓரம் ஒரு அங்குலமாவது இறங்கியிருக்கவேண்டும். கொத்தனார் கண்ணால் பார்த்து "வாட்டம் சரியாக இருக்கிறது" என்பார், நம்பாதீர்கள். சிமெண்ட் காய்வதற்குள் மட்டம் வைத்துப் பாருங்கள். சுவரும் தளமும் சேரும் இடத்தில் சிமெண்ட் பூசவேண்டாம், மண் அசையும்போது அது மறுபடி விடும். தார் ஊற்றுங்கள், கொஞ்சம் இழுவைக்குக் கொடுக்கும். விரிசலை ஒரு வருடம் தொடவேண்டாம். வாழையை இடம் மாற்றுங்கள். அது அங்கே இருக்கும்வரை யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்கள்.

மாடிவீடு:
டைல்ஸுக்கு மேலே பார்த்தேன். நான்கடியில் பூச்சு உப்பி நிற்கிறது. வாளியுடன் போகிறேன்.

ஊருணிக்கரை:
ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். தளம், குழாய், தார் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் ஆனது. கொத்தனார் முதலில் போட்ட வாட்டம் பாதி நீளத்துக்கு உள்பக்கமே சாய்ந்திருந்தது; ரசமட்டக் கருவியை வைத்துக் காட்டியதும் ஒன்றும் பேசாமல் திரும்பப் போட்டார். மழைக்காலம் முழுவதும் ஓதம் முழங்காலுக்கு ஏறவில்லை, கணுக்கால் உயரத்தில் நின்றது. உப்பு இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. வாழை தெற்கு வேலியோரம் போய்விட்டது, குலை தள்ளவில்லை என்று அம்மா என்னிடம் பேசுவதில்லை.

இப்போது வைகாசி. காலையில் விரிசலில் வைத்துப் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயம் நுழையவில்லை. ஒரு ரூபாய் நுழைகிறது.